காலை இழந்தார், மேடையை இழக்கவில்லை!
70 வயதில் துணிந்த நடிகை

சாரா பெர்னார்ட், பிரான்சு நாட்டின் புகழ் பெற்ற நாடக நடிகை. பல நாடுகளுக்கும் சென்று நடித்தவர். புகழோடு இருந்த காலத்தில்தான் அந்த விபத்து நேர்ந்தது.

குதித்தார், விழுந்தார்!

1905-ம் ஆண்டு. பிரேசில் நாட்டில் உள்ள ரியோ டி ஜெனிரோ நகரில் "டாஸ்கா" நாடகம் நடந்தது. கடைசிக் காட்சியில், கதாநாயகி கோட்டைச் சுவரில் இருந்து குதித்து உயிரை விடுவாள். சுவருக்குப் பின்னால் மெத்தை போட்டிருப்பார்கள். சாரா அதில் விழுவார்.

அன்று மெத்தை சரியான இடத்தில் இல்லை. சாரா குதித்தார். வலது முழங்காலில் பலத்த அடி!

அந்த வலி தீரவே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகியது. நடப்பதே பெரும் பாடாகிவிட்டது. மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை.

"காலை எடுங்கள்"

இப்படியே 10 ஆண்டுகள் ஓடின. காலை எடுத்துவிடும்படி சாராவே டாக்டர்களிடம் கேட்டார். அப்போது அவருக்கு வயது 70. வலியோடு படுத்துக் கிடப்பதைவிட, ஒற்றைக் காலோடு வாழ்வதே மேல் என்பது அவர் முடிவு.

1915-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி, போர்தோ நகரில் ஆபரேஷன் நடந்தது. வலது கால் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டது.

இது எளிதில் எடுக்கக் கூடிய முடிவு அல்ல. வேறு வழியே இல்லாதபோதுதான் டாக்டர்கள் இன்றும் இதற்குச் சம்மதிப்பார்கள். காலை எடுத்த பிறகும் பலருக்கு, இல்லாத காலில் வலி எடுப்பது உண்டு. அது வெறும் கற்பனை அல்ல. அதற்கும் இன்று சிகிச்சை இருக்கிறது.

பல்லக்கில் வந்தார்

சாரா செயற்கைக் கால் பொருத்திப் பார்த்தார். பிடிக்கவில்லை, ஒதுக்கிவிட்டார். பல்லக்குப் போன்ற நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஆட்கள் தூக்கிச் செல்வார்கள்.

அது முதல் உலகப் போர் நடந்த சமயம். சாரா போர்முனைக்கே சென்று, போர் வீரர்களுக்கு நடித்துக் காட்டினார்! 1916-ல் கடல் கடந்து அமெரிக்கா போனார். அங்கே 1918 வரை ஊர் ஊராக நடித்தார்.

நிற்க முடியாமல் எப்படி நடிப்பது? உட்கார்ந்தும் படுத்தும் நடிக்கக் கூடிய வேடங்களைத் தேர்ந்தெடுத்தார். கால்தான் போயிற்று. குரல் இருந்தது, முகம் இருந்தது, கைகள் இருந்தன. அவற்றைக் கொண்டே மேடையை ஆண்டார்.

1923-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி, பாரிசு நகரில் சாரா காலமானார். வயது 78. கடைசி நாட்களிலும் அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே காமிராவை வைத்து, ஒரு சினிமாப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார்!