உணரி காட்டும் எண்ணை நம்பலாமா?

அறிவியல் கண்காட்சிக்கு மின்னணு மாதிரிகள் செய்யும் பள்ளிகளிலும், அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளிலும் அடிக்கடி எழும் சிக்கல் ஒன்று உண்டு. எல்எம்35 வெப்பநிலை உணரி, ஆர்டுயினோ யூனோ பலகை, சிறு மின்விசிறி ஆகியவற்றை மாணவர்கள் சரியாகவே இணைத்திருப்பார்கள். நிரலிலும் பிழை இருக்காது. ஆனால் விசிறி சுழலத் தொடங்கியதும் திரையில் 30, 33, 29, 34 என்று எண்கள் தாவும்.

உணரி கெட்டுவிட்டது என்று வேறொன்றை மாற்றுவோம். அதுவும் தாவும். கடைசியில், சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து 30 என்று மாணவர் பதிவேட்டில் எழுதிவிடுவார். எனக்குக் கவலை தருவது இதுதான். அளந்ததை விட்டுவிட்டு எதிர்பார்த்ததை எழுதப் பழகிய குழந்தைக்கு எத்தனை செய்முறை நடத்தினாலும் பயனில்லை. இங்கே குற்றவாளி பெரும்பாலும் உணரி அல்ல. அதற்கு வரும் மின்சாரத்தில் கலந்துள்ள இரைச்சல்.

சில மில்லிவோல்ட் செய்யும் வேலை

எல்எம்35 ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் 10 மில்லிவோல்ட் தரும். அறை வெப்பநிலை 30 டிகிரி என்றால் வெளியீடு 300 மில்லிவோல்ட். எனவே, எங்கிருந்தாவது 30 மில்லிவோல்ட் வந்து சேர்ந்தால் 3 டிகிரி பிழை. டிஜிட்டல் சுற்றில் 5 வோல்ட்டும் 4.9 வோல்ட்டும் 'ஒன்று' என்றே கொள்ளப்படும். அனலாக் சுற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு செய்தி.

இரைச்சல் எப்படி நுழைகிறது? ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் வருவதாகக் கொள்வோம். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டுக் குழாயில் வரத்து குறையும். விசிறி மோட்டாரும் உணரியும் ஒரே 5 வோல்ட் கம்பியைப் பகிரும்போது அதுவே நடக்கிறது. வீட்டில் நாம் ஓர் அண்டாவில் நீர் பிடித்து வைப்போம். மின்சுற்றில் அந்த அண்டாவின் வேலையைச் செய்வது மின்தேக்கி.

நான்கு படிகள்

என் வகுப்பில் இவற்றை ஒவ்வொன்றாகவே செய்யச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று மாணவருக்குத் தெரியாது.

முதலாவது, தரைக்கம்பியைப் பிரித்தல். மோட்டாரின் 300 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 0.1 ஓம் மின்தடையுள்ள கம்பி வழியே திரும்பினால், ஓம் விதிப்படி அக்கம்பியில் 30 மில்லிவோல்ட் உருவாகும். உணரியும் அதே கம்பியைப் பகிர்ந்தால் அது உணரியின் அளவீட்டில் சேர்ந்துவிடும். எனவே மோட்டாருக்கும் உணரிக்கும் தனித்தனித் தரைக்கம்பிகள் போட்டு, மின்சாரம் பலகைக்குள் வரும் இடத்தில் மட்டும் இணைக்க வேண்டும். மோட்டாரை டிரான்சிஸ்டர் வழியாகவே இயக்க வேண்டும். அதன் குறுக்கே ஒரு டையோடும் தேவை. ஆர்டுயினோவின் முனை நேரடியாக மோட்டாரைத் தாங்காது.

இரண்டாவது, 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கி. அதன் மேல் 104 என்று அச்சிட்டிருக்கும். அதை உணரியின் மின்வழங்கல் முனைக்கும் தரைக்கும் இடையே வைக்க வேண்டும். இதன் மின்மறுப்பு 50 ஹெர்ட்ஸில் சுமார் 32 கிலோ ஓம். 10 மெகா ஹெர்ட்ஸில் 0.16 ஓம் மட்டுமே. அதாவது, வேகமான இரைச்சலுக்கு இது குறுக்குவழி. ஆனால் 10 செ.மீ. கம்பியின் மின்தூண்டலே 10 மெகா ஹெர்ட்ஸில் தோராயமாக 6 ஓம் தடுக்கும். மின்தேக்கியை உணரியை ஒட்டியே வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான். உணரியின் வெளியீட்டு முனையில் அதை நேரடியாக வைக்க வேண்டாம்.

மூன்றாவது, வடிகட்டி. 5 வோல்ட் கம்பியில் 100 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்து, உணரியின் பக்கத்தில் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைத் தரைக்கு இணைக்கலாம். சுமார் 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இரைச்சலை இது குறைக்கத் தொடங்கும். 1600 ஹெர்ட்ஸில் நூறில் ஒரு பங்காக்கும். உணரி எடுத்துக்கொள்வது சுமார் 60 மைக்ரோ ஆம்பியர்தான் என்பதால், மின்தடையில் இழப்பது 6 மில்லிவோல்ட் மட்டுமே. மோட்டாரை இம்மின்தடை வழியே இணைத்துவிடக் கூடாது. 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியின் நேர்முனை, எதிர்முனையை மாற்றாமல் இணைப்பதை ஆசிரியரே சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, அளவுகோலை மாற்றுதல். ஆர்டுயினோ தன் 5 வோல்ட்டையே அளவுகோலாகக் கொண்டு அளக்கிறது. மோட்டார் ஓடும்போது அது 4.8 வோல்ட்டாக இறங்கினால், 30 டிகிரி 31.25 எனத் தெரியும். இது மெதுவான இறக்கம்; வடிகட்டி இதைத் தடுக்காது. நிரலில் ஒரே வரி மாற்றி, சில்லின் உள்ளேயே உள்ள 1.1 வோல்ட் அளவுகோலைப் பயன்படுத்தலாம். ஒரு படி அரை டிகிரியாக இருந்தது, ஏறத்தாழ 0.1 டிகிரியாகக் குறையும். ஆனால் இந்த 1.1 வோல்ட் சில்லுக்குச் சில்லு சற்றே மாறும். ஆகவே வெப்பமானியுடன் ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சராசரி எடுத்தால் போதாதா?

மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மேலும் கீழுமாகத் தாவும் இரைச்சல் சராசரியில் குறையும். தரைக்கம்பியால் எப்போதும் ஒரே பக்கம் சேரும் 3 டிகிரி குறையாது. அழகான, நிலையான, தவறான எண் கிடைக்கும். முதலில் சுற்றைச் சரிசெய்து, பிறகு சராசரி எடுப்பதே முறை.

வகுப்பில் செய்ய

விசிறி நிற்கும்போது பத்து அளவீடுகள், ஓடும்போது பத்து அளவீடுகள் எனத் தொடங்கி, ஒவ்வொரு படிக்குப் பிறகும் இதையே திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பத்திலும் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனி நிரலில் குறிக்கட்டும். பத்தாம் வகுப்பின் ஓம் விதியும் பன்னிரண்டாம் வகுப்பின் மின்தேக்கி மின்மறுப்பும் ஒரே அட்டவணையில் வந்துவிடும். தாவிய எண்களை அடிக்கவோ அழிக்கவோ அனுமதிக்காதீர்கள். மதிப்பெண் போடும்போது, 30 வந்ததா என்று பார்ப்பதைவிட, ஏன் 34 வந்தது என்று மாணவர் தேடினாரா என்று பாருங்கள்.