பெட்டிக்குள்ளே ஒரு வீடு!

ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது பெட்டியில என்னவெல்லாம் அடுக்குனீங்க? துணி, ஊறுகாய் பாட்டில், போர்வை..? டோ ஹோ சூ வீட்டையே மடிச்சு வெச்சவர் பாஸ்!

1962-ல் சியோலில் பிறந்த சிற்பி. 1991-ல் படிக்க அமெரிக்கா போனார். ஊர் ஞாபகம் வாட்ட, பெற்றோரின் பாரம்பரிய வீட்டை அளந்து, மெல்லிய பட்டுத்துணியில் அதே அளவில் தைத்து, 1999-ல் லாஸ் ஏஞ்சலீஸில் தொங்கவிட்டார். வேறு ஊருக்குப் போனால் படைப்பின் பெயரோடு அந்த ஊர்ப் பெயரும் ஒட்டிக்கும்!

2012-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ கேம்பஸில், நம்ம இன்ஜினீயரிங் கட்டடத்தின் ஏழாவது மாடி விளிம்பில், பாதி அந்தரத்தில் ஒரு குட்டி வீட்டையே நிறுத்தினார். உள்ளே தரை சாய்வு. நின்னா தலை சுத்தும். புது ஊர்ல முதல் நாள் நமக்கும் அப்படித்தானே?

எங்க ஊர் வீட்டை அடுத்த மாசம் விக்கிறாங்க. லீவுக்கு இன்ச் டேப்போட போறேன். நீங்க?