பாமிர் கப்பலைக் கவிழ்த்தது புயல் மட்டுமா?

ஒரு கப்பல் புயலில் மூழ்கியது என்று கேட்டதும், காற்றின் மீதும் அலையின் மீதும் பழியைப் போட்டுவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். பாமிர் என்ற பாய்மரச் சரக்குக் கப்பலின் வரலாறு அத்தனை எளிதாக முடிவதில்லை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1905-ல் கட்டப்பட்ட, நான்கு பாய்மரங்கள் கொண்ட எஃகுக் கப்பல் அது. 1949-ல் வணிகச் சரக்கோடு கேப் ஹார்ன் முனையைச் சுற்றி வந்த கடைசிப் பாய்மரக் கப்பலும் அதுவே. பின்னாளில் சரக்கு ஏற்றியபடியே இளம் மாலுமிகளுக்குப் பயிற்சியும் தந்தது.

1957 ஆகஸ்டில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்திலிருந்து ஹாம்பர்க் நோக்கி அது புறப்பட்டது. சரக்கு, சுமார் 3,800 டன் பார்லி. கப்பலில் இருந்த 86 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள். செப்டம்பர் 21 அன்று அட்லாண்டிக் பெருங்கடலில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ‘கேரி’ சூறாவளியில் அது சிக்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிரவேயில்லை, கவிழ்ந்து மூழ்கியது. பல நாள் தேடியும் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 6 பேர் மட்டுமே. 80 குடும்பங்களுக்குத் துயரச் செய்தியே போய்ச் சேர்ந்தது.

ஏன் நிமிரவில்லை? பார்லியில் பெரும் பகுதி மூட்டை கட்டப்படாமல் சரக்கறையில் அப்படியே கொட்டப்பட்டிருந்தது. மூட்டை அடுக்கினால் அது இடத்தில் நிற்கும். கொட்டிய தானியமோ, கப்பல் சாயும்போது தண்ணீரைப் போலத் தாழ்ந்த பக்கம் ஓடும். சாய்வு மேலும் கூடும். போதாக்குறைக்கு, கப்பலை நிலைநிறுத்தத் தண்ணீர் நிரப்ப வேண்டிய அடித்தொட்டிகளிலும் பார்லியையே ஏற்றியிருந்தார்கள். லூபெக் நகரில் நடந்த விசாரணை, சரக்கு ஏற்றிய முறையை முக்கியக் குறையாகச் சுட்டியது. கப்பல் உரிமையாளர் தரப்பு அதை ஏற்கவில்லை.

ஆனால் சில வாரங்களிலேயே, பார்லி ஏற்றி வந்த அதன் சகோதரக் கப்பலான பாசாட்டும் புயலில் சிக்கி, சரக்கு சரிந்து சாய்ந்தது. அதன் அடித்தொட்டியில் தண்ணீரை நிரப்பிச் சமாளித்து லிஸ்பன் துறைமுகம் சேர்ந்தார்கள். இன்றும் அக்கப்பல் ஜெர்மனியின் டிராவமுண்டேவில் நிற்கிறது.

புயலைத் தடுப்பது நம் கையில் இல்லை. சரக்கைச் சரியாகக் கட்டுவது நம் கையில் இருக்கிறது. பிறர் பிள்ளைகளை நம்பி அழைத்துச் செல்லும் எவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.