பூரானுக்கு ஏன் நூறு கால் இல்லை?

ஹாஸ்டல் பாத்ரூமில் பூரானைப் பார்த்தால் நாம் யாரும் கால் எண்ணப் போவதில்லை, செருப்பைத்தான் தேடுவோம். ஆனா ஒரு தடவை எண்ணிப் பாருங்க (செத்த பிறகு எண்ணுங்க, ப்ளீஸ்). அங்கே வரும் பெரிய பூரானுக்குப் பெரும்பாலும் 21 ஜோடி இருக்கும். ஆங்கிலத்தில் 'சென்டிபீட்', அதாவது நூறு கால், என்று பேர் வச்சிருக்காங்க. நூறு கால்னா 50 ஜோடி. 50 இரட்டைப்படை. சிக்கலே அங்கதான். அபூர்வமான பிறவிக் கோளாறுகளை விட்டுவிட்டால், வளர்ந்த பூரானுக்கு ஜோடி எண்ணிக்கை எப்பவும் ஒற்றைப்படைதான்.

மண்ணுக்குள் வாழும் பூரான்களில் இது இன்னும் விசித்திரம். நூல் மாதிரி ஒல்லியா இருக்கும், கண் கிடையாது. இனத்தைப் பொறுத்து 27 ஜோடியிலிருந்து 191 ஜோடி வரை போகும். பல இனங்களில் ஒரே இனத்துக்குள்ளேயே எண்ணிக்கை மாறும். மாறும்போதும் ரெண்டு ரெண்டாத்தான் தாவும்: 47, 49, 51. நடுவில் 48 வராது.

இதுக்கு நல்ல உதாரணம் லினோட்டேனியிடே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ட்ரிகாமியா மாரிடிமா. பிரிட்டன் கடற்கரைகளில் கூழாங்கல் அடியில் இருக்கும். பெண்ணுக்குப் பொதுவா ஆணைவிட ரெண்டு ஜோடி அதிகம். தெற்கே இருப்பவைக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் இருப்பவற்றைவிட கால் அதிகம். ஏன்? ஆய்வுக்கூடத்தில் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்தாங்க. சூடு கூடினப்போ சராசரி ஜோடி எண்ணிக்கையும் கூடுச்சு. இது 2008இல் வெளிவந்த ஆய்வு. முட்டையிலிருந்து வரும்போதே எல்லாக் காலும் இருக்கும், அப்புறம் கூடாது. அதனால, தாய் முட்டைகளைச் சுத்தி வளைஞ்சு காவல் காக்கிற அந்தக் கொஞ்ச நாளிலேயே கணக்கு முடிஞ்சுடுது.

சரி, ஏன் ரெண்டு ரெண்டா? கோடிங் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரி: லூப் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 கூட்டுது. 2004இல் சிப்மன், ஆர்தர், ஏகம் மூணு பேரும் இதே பூரானின் கருவில் இதைக் காட்டினாங்க. உடல் கணுக்களை உருவாக்கும் ஜீன்கள் முதலில் ரெண்டு கணுவுக்கு ஒரு பட்டை என்று இயங்குது. பிறகு அந்தப் பட்டைகளுக்கு இடையில் புதுப் பட்டை முளைச்சு ஒவ்வொரு கணுவும் தனியாகுது. ஒரு கணுவுக்கு ஒரு ஜோடிக் கால்.

எனக்கு இது படிச்சப்போ விஷயம் முடிஞ்சதுன்னு தோணுச்சு. முடியலை. பிறகு வந்த ஆய்வில், உடலின் பின்பகுதிக்கு வரும்போது கரு இந்த ரெண்டு ரெண்டு முறையை விட்டுட்டு ஒவ்வொரு கணுவாப் போட ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சது. அப்படின்னா கடைசியில் ஒண்ணு கூடியோ குறைஞ்சோ நின்னு, 48 ஜோடிப் பூரான் சர்வ சாதாரணமா கிடைக்கணும். கிடைக்கிறதில்லை. லூப் ஒவ்வொண்ணா ஓடும்போதும் ஒற்றைப்படையில்தான் நிக்குது.