ஜவுளி மண்டபத்துச் சங்கீதம்

சங்கீதத்தைப் போஷிப்பதற்கு ஒரு மகாராஜா வேண்டும், குறைந்தபட்சம் ஒரு பெரிய ஜமீன்தாராவது வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஜெர்மனி தேசத்து லைப்ஸிக் நகரத்தின் கதையைக் கேட்கவேண்டும்.

லைப்ஸிக்கில் ராஜசபை கிடையாது. சந்தைகளுக்குப் பெயர்போன வியாபாரப் பட்டணம் அது. 1743-ஆம் ஆண்டில் அவ்வூர் வர்த்தகர்களும் பிரபுக்களுமாக 16 பேர் ஒன்றுகூடி, 16 வாத்தியக்காரர்களைக் கொண்ட ஒரு கோஷ்டியை ஆரம்பித்தார்கள். ஆரம்ப வருஷங்களில் 'மூன்று அன்னங்கள்' என்னும் சத்திரத்தில் கச்சேரிகள் நடந்தன. 1781-இல் ஜவுளி வியாபாரிகளின் மண்டபத்து மாடியில் சொந்தக் கச்சேரி அரங்கு ஏற்பட்டது. அம்மண்டபத்தின் ஜெர்மன் பெயரான 'கெவாண்ட்ஹௌஸ்' என்பதே வாத்திய கோஷ்டியின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

1835-இல் மெண்டல்ஸன் என்ற இளம் மேதை தலைமை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 26. ஷூபெர்ட் இறந்த பிறகு, அவருடைய பெரிய ஸிம்பனி ஒன்று வியன்னாவில் கேட்பாரற்றுக் கிடந்தது. ஷூமன் அதைக் கண்டெடுத்து அனுப்ப, 1839-இல் மெண்டல்ஸன் அதை அரங்கேற்றினார். 1843-இல் ஒரு சங்கீதக் கலாசாலையையும் ஸ்தாபித்தார். நான்கே வருஷங்களில் அவர் காலமானார். நன்றி மறவாத நகரத்தார் 1892-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

மெண்டல்ஸன் யூத குலத்தில் பிறந்தவர். நாஜிகளின் கண்ணுக்கு அதுவே பெரும் குற்றமாகப் பட்டது. 1936 நவம்பரில், நகரத் தலைவர் கோர்டலர் ஊரில் இல்லாத சமயம் பார்த்துச் சிலையைப் பெயர்த்தெறிந்தார்கள். திரும்பி வந்த கோர்டலர், சிலையை மீண்டும் நிறுத்தவேண்டும் என்று வற்புறுத்தினார். பலிக்கவில்லை. பதவியை உதறித் தள்ளினார். பிற்பாடு ஹிட்லரை எதிர்த்துச் சதி செய்ததற்காக 1945-இல் அவர் மரண தண்டனை அடைந்தார். யுத்தத்தில் விழுந்த குண்டுகள் கச்சேரி மண்டபத்தையும் பாழாக்கின.

ஆனால் வாத்தியங்கள் ஓயவில்லை. 1981-இல் புதிய மண்டபம் எழுந்தது. 1989 அக்டோபர் 9-ஆம் தேதி மாலை, கம்யூனிஸ்டு சர்க்காரிடம் சுதந்திரம் கோரிச் சுமார் 70,000 ஜனங்கள் லைப்ஸிக் வீதிகளில் திரண்டார்கள். ஆயுதம் தாங்கிய படையினர் தயாராக நின்றார்கள். ரத்தம் சிந்துமோ என்று ஊரே நடுங்கியது. அந்நேரத்தில் ஒலிபெருக்கிகளில் ஒரு குரல் கேட்டது. கோஷ்டியின் தலைவர் குர்ட் மாஸூர், தாமும் வேறு ஐவரும் சேர்ந்து எழுதிய சமாதான வேண்டுகோளைப் படித்தார். அன்று ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

2008-இல் மெண்டல்ஸனின் சிலை பழைய வடிவிலேயே மறுபடியும் வார்க்கப்பட்டு நகரத்தில் நின்றது. ராஜாக்கள் போஷித்த சங்கீதம் ராஜாக்களோடு போய்விடலாம். ஊரார் தாமே போஷித்த சங்கீதம், ஊருக்கு ஆபத்து வந்த வேளையில் ஊரைக் காக்க முன்வந்து நிற்கிறது.