கற்பூரவள்ளியின் மலைநாட்டு அக்காள்

ராயபுரமோ, திருவொற்றியூரோ, எண்ணூரோ, நீங்கள் குடியிருப்பது எங்கேயானாலும் சரி, துறைமுகத்து இரைச்சலையும் லாரிப் புழுதியையும் மீறி உங்கள் மொட்டை மாடியில் ஓர் உடைந்த வாளியிலாவது கற்பூரவள்ளி தழைத்திருக்கும். குழந்தைக்குச் சளி பிடித்தால் கை முதலில் அதைத்தானே தேடுகிறது!

இன்று புதினாக் கட்டைப் பிரிக்கும்போது ஒரு தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையாகத் தட்டுப்படும். துளசி, தும்பை, கற்பூரவள்ளி எல்லாம் அந்தப் புதினாக் குடும்பம்தான். பொங்கலுக்கு நெல்லைச் சீமைக்காரர்கள் ஆசையாக வாங்கும் சிறுகிழங்கும் அதே வம்சம்.

இவர்களுக்கு மலையில் ஓர் அக்காள் உண்டு. பெயர் மருந்துக் கூர்க்கன். இமயமலைச் சரிவிலிருந்து நீலகிரி வரை, வறண்ட பாறைச் சரிவுகளில் காட்டுச் செடியாக வளருகிறவள். இளநீல ஊதாப் பூ. கீழ் உதடு மட்டும் சின்னப் படகு போல வளைந்திருக்கும். விஞ்ஞானிகள் இவளுக்கு இட்ட பெயரில் 1763-ல் யேமன் நாட்டில் செடி தேடப் போய், மலேரியாவில் மாண்ட போர்ஸ்கால் என்ற இளைஞரின் நினைவு இருக்கிறது.

அழகோடு நின்றிருந்தால் வம்பில்லை. 1970-களில் லக்னோவிலும் பம்பாயிலும் இருந்த ஆராய்ச்சிக்கூடங்கள் இவள் வேரிலிருந்து ஒரே மருந்துப் பொருளைத் தனித்தனியே பிரித்தெடுத்தன. ரத்த அழுத்தத்தைக் குறைப்பது அது. போர்ஸ்கோலின் என்று பெயர். பிடித்தது சனி! துளசியில் நாலு இலை கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். வேரையே தோண்டினால்? மலைச் சரிவுகளில் செடி அருகத் தொடங்கியது.

அப்புறம் சேலம் ஜில்லாவில் ஆத்தூர்ப் பக்கம் வயலிலேயே பயிரிட ஆரம்பித்தார்கள். "அப்படியானால் கவலை தீர்ந்தது" என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். நீங்கள் அடுத்த வீட்டிலிருந்து கற்பூரவள்ளிக் கொம்பை ஒடித்து வந்து நடுகிறீர்களே, அதே மாதிரிதான் இதையும் நடுகிறார்கள். ஒரு தாய்ச் செடியின் கொம்புகள் எல்லாம் அச்சு அசலாக ஒரே செடி. நூற்புழுவும் வேரழுகலும் வந்தால் ஒன்றுக்கு நேர்ந்தது அத்தனைக்கும் நேரும். எதிர்த்து நிற்கும் வகை வேண்டுமென்றால் தேடிப் போக வேண்டியது, விதையிலிருந்து வெவ்வேறாக முளைத்திருக்கும் அந்தக் காட்டுச் செடிகளைத்தான். அவற்றைத் தோண்டித் தீர்த்துவிட்டு எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று: உடம்பு இளைக்க என்று இந்த வேர்ப் பொடியை விற்கிறார்கள். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கி வைக்காதீர்கள். சளிக்கு வாளியில் இருக்கும் தங்கையே போதும்.