திங்கட்கிழமை எங்கே நிற்கும்?

இந்த ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

‘த ஹெட்மாஸ்டர் செட் ஆன் மண்டே தேர் உட் பி எ டெஸ்ட்.’

தேர்வு நடப்பது திங்கட்கிழமையா? அல்லது தேர்வு உண்டு என்று தலைமையாசிரியர் சொன்னது திங்கட்கிழமையா? இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம். ஒரு மாணவன் ஞாயிறு இரவு கண் விழித்துப் படிப்பான். இன்னொருவன், “இன்னும் நாள் இருக்கிறதே” என்று கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்!

குழப்பத்துக்குக் காரணம், ‘ஆன் மண்டே’ என்ற காலச் சொல் இரண்டு வினைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதுதான். அதைக் கடைசிக்கு அனுப்பிப் பாருங்கள். ‘த ஹெட்மாஸ்டர் செட் தேர் உட் பி எ டெஸ்ட் ஆன் மண்டே.’ தேர்வு திங்கட்கிழமை, புத்தகத்தை எடுங்கள்! இப்போது முதலில் வைத்து, ஒரு காற்புள்ளி போடுங்கள். ‘ஆன் மண்டே, த ஹெட்மாஸ்டர் செட் தேர் உட் பி எ டெஸ்ட்.’ சொன்னதுதான் திங்கட்கிழமை. தேர்வு எப்போது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று, இன்று, திங்கட்கிழமை போன்ற சொற்களுக்கு ஆங்கிலத்தில் பிடித்த இடம் வாக்கியத்தின் கடைசி. அதை விட்டால் முதல் இடம். தமிழ் அப்படிக் கண்டிப்பு காட்டுவதில்லை. ‘நேற்று நான் ஓசூர் போனேன்’, ‘நான் நேற்று ஓசூர் போனேன்’ இரண்டும் நமக்குச் சரிதான். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் நிறைய உண்டு. கன்னடத்தில் நேற்று என்பது ‘நின்னெ’, தெலுங்கில் ‘நின்ன’. அந்த மொழிகளிலும் நம்மைப் போலவே வினை கடைசியில்தான் வரும். ஆகவே கல்லாவிப் பிள்ளையானாலும் ஓசூர்ப் பிள்ளையானாலும், ‘ஐ யெஸ்டர்டே வென்ட் டு ஓசூர்’ என்று எழுதத்தான் கை போகும். ‘ஐ வென்ட் டு ஓசூர் யெஸ்டர்டே’ என்பதே சரி.

இடமும் காலமும் சேர்ந்து வந்தால்? மூதறிஞர் ராஜாஜி ஓசூர் அருகே உள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். ‘1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி தொரப்பள்ளியில் பிறந்தார்’ என்று தமிழில் எழுதுவோம். ஆங்கிலத்தில், ‘ராஜாஜி வாஸ் பார்ன் இன் தொரப்பள்ளி ஆன் 10 டிசம்பர் 1878.’ கவனித்தீர்களா? நமக்கு ஆண்டு, மாதம், தேதி, பிறகு ஊர். அவர்களுக்கு ஊர், தேதி, மாதம், ஆண்டு. கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே தலைகீழ்!

இனி காற்புள்ளி. நம் முன்னோர் ஓலைச்சுவடியில் காற்புள்ளி இல்லாமலேயே எழுதினார்கள். ஆங்கிலத் தேர்வில் அது செல்லாது! காலத்தொடர் முன்னால் வந்தால் அதன் பின் காற்புள்ளி போடுங்கள். ‘ஆன் 9 பிப்ரவரி 2004, கிருஷ்ணகிரி பிகேம் எ டிஸ்ட்ரிக்ட்.’ அமெரிக்கர்களைப் போல மாதத்தை முதலில் எழுதினால் இரண்டு காற்புள்ளி வேண்டும்: ‘ஆன் பிப்ரவரி 9, 2004, கிருஷ்ணகிரி பிகேம் எ டிஸ்ட்ரிக்ட்.’ ‘யெஸ்டர்டே’ போன்ற ஒற்றைச் சொல் முன்னால் வரும்போது காற்புள்ளி இல்லாவிட்டாலும் தவறில்லை. ஆனால், ‘இன் 2024 45 ஸ்டூடன்ட்ஸ் ஜாயின்ட்’ என்று எழுதினால், படிப்பவர் கண்ணுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் மாணவர்கள் தெரிவார்கள்!

இன்னொன்று பாருங்கள். ‘வைல் வீ வேர் ஈட்டிங் எ கோட் கேம் இன்.’ இதை வேகமாகப் படித்தால், நாம் ஆட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது போல இருக்கும். ‘ஈட்டிங்’ என்பதற்குப் பின் காற்புள்ளி போட்டால் ஆடு பிழைத்தது. நாம் சாப்பிடும்போது அது உள்ளே வந்தது, அவ்வளவுதான். ‘எ கோட் கேம் இன் வைல் வீ வேர் ஈட்டிங்’ என்று திருப்பிப் போட்டால் காற்புள்ளியே வேண்டாம்.

‘ஆல்வேஸ்’, ‘நெவர்’, ‘ஆஃபன்’ போன்றவை மட்டும் தனி ஜாதி. அவை நடுவில்தான் உட்காரும். ‘ஐ ஆல்வேஸ் டிரிங்க் மில்க்’ என வினைக்கு முன்னால். ‘ஷீ இஸ் ஆல்வேஸ் எர்லி’ என ‘இஸ்’ஸுக்குப் பின்னால். அப்புறம், ‘டுடே மார்னிங்’ என்று பெரியவர்களே சொல்கிறார்கள். ‘திஸ் மார்னிங்’ என்று சொல்லுங்கள். ‘யெஸ்டர்டே நைட்’ வேண்டாம், ‘லாஸ்ட் நைட்’ போதும். ஆனால் ‘யெஸ்டர்டே மார்னிங்’ சரிதான். ஆங்கிலம் அப்படித்தான், என்ன செய்வது!

ஓசூர் நகராட்சி 2019இல் மாநகராட்சி ஆனது. ‘பிகேம்’, ‘இன் 2019’, ‘ஓசூர்’, ‘எ கார்ப்பரேஷன்’ ஆகிய நான்கையும் சரியாக அடுக்கி இரண்டு வாக்கியம் எழுதுங்கள் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் காற்புள்ளி வரும்.